என் கை நடித்த பாடம்

ஒரு நாள் காலை டிரெஸ்ஸிங் ரூம் கதவில் அந்தக் காகிதம் ஒட்டியிருந்தது. மேலே இங்கிலீஷ், கீழே கன்னடம். இரண்டும் எனக்கு எழுத்துக் கூட்டினால்தான் வரும். ட்ராலி தள்ளிக்கொண்டு வந்த ஆயா நின்று படித்துச் சொன்னாள். இனிமேல் மெடிக்கல் அசிஸ்டென்ட் சர்டிஃபிகேட் இல்லாத யாரும் நோயாளியைத் தொடக் கூடாதாம். மாடியில் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார்களாம். பாடமும் ஆன்லைன், பரீட்சையும் ஆன்லைன். மூன்று மாதம் டைம்.

"உனக்கு எதுக்குண்ணா பரீட்சை," என்றாள். "மேல போய்க் கையைக் காட்டிட்டு வா, குடுத்துடுவாங்க."

எங்கள் நர்ஸிங் ஹோமில் ட்ராலி தள்ளி, பெட்பேன் எடுக்கும் பெண்களை ஆயா என்றுதான் கூப்பிடுவோம். மற்றபடி அவளுக்கும் என் வயதுதான். ஒக்கலிபுரத்திலிருந்து தினம் பஸ்ஸில் வருவாள். கன்னட ஸ்கூலில் எட்டாவது படித்தவள். வாய் ஜாஸ்தி.

நான் அங்கே சேர்ந்தது தொண்ணூற்றொன்றில். கன்டோன்மென்ட் பக்கம் இருபது கட்டில் உள்ள சின்ன இடம். மர்பி டவுனில் என் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். வீட்டுப் பக்கத்துத் தமிழ் ஸ்கூலில் ஐந்தாவது வரை படித்தேன். அதற்கு மேல் படிக்காததற்குப் பெரிய கதை ஒன்றும் இல்லை, எங்கள் லைன் வீடுகளில் பாதிப் பேர் அப்படித்தான். ஆனால் தமிழில் எது கையில் கிடைத்தாலும் படித்துவிடுவேன், வடை சுற்றி வந்த காகிதம் உட்பட. அந்தப் பழக்கம்தான் இன்றைக்கு இதை எழுத உதவுகிறது.

முதலில் தரை துடைக்கத்தான் எடுத்தார்கள். பிறகு டிரெஸ்ஸிங் ரூமில் கிண்ணம் கழுவ, பிறகு சிஸ்டர் கட்டுப் போடும்போது நோயாளியின் காலைத் தூக்கிப் பிடிக்க. ஒரு நாள் சிஸ்டர் வரவில்லை. வரிசையில் ஆறு பேர் காத்திருந்தார்கள். டாக்டர் எட்டிப் பார்த்து, நீயே கட்டு என்றார். கட்டினேன். அதன் பிறகு அந்த ரூம் என் ரூம் ஆகிவிட்டது.

எனக்கும் அது ஒத்துப்போனது. நான் கூச்சக்காரன். ஒருவர் முகத்தைப் பார்த்து நாலு வார்த்தை பேசுவதற்குள் காது சூடாகிவிடும். பெண் பார்க்கப் போன அன்றைக்கு நான் அவள் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று என் மனைவி இப்போதும் சொல்லிக்காட்டுவாள். சுகர் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவனுக்கு அது குறையே இல்லை. முக்காலியில் உட்கார்ந்து, நோயாளியின் குதிகாலை என் தொடைமேல் வைத்துக்கொண்டால், அரை மணி நேரம் யார் முகத்தையும் பார்க்காமல் வேலை செய்யலாம். முகம் மறந்துபோன பலரை எனக்குக் காலை வைத்துத் தெரியும்.

கட்டுப் போடுவதில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. கடைசிப் பிளாஸ்டர் ஒட்டியதும், வெளியே தெரியும் விரல் நகத்தை என் கட்டைவிரலால் ஒரு முறை அழுத்துவேன். நகம் வெளுக்கும். விட்டதும், ஒன்று, இரண்டு எண்ணுவதற்குள் சிவப்பு திரும்பி வர வேண்டும். வந்தால் ரத்தம் ஓடுகிறது, கட்டு சரி. வரவில்லை என்றால் இறுக்கிவிட்டேன், பிரித்துத் திரும்பக் கட்ட வேண்டும். ஐந்து விரலுக்கும் இதைச் செய்யாமல் யாரையும் எழுந்திருக்க விட்டதில்லை.

இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வேலைக்கு வந்த மூன்றாவது வருஷம் ஒரு ஆட்டோ டிரைவருக்குக் கட்டினேன். புண்ணிலிருந்து ரத்தம் நிற்கவில்லை, பயத்தில் நன்றாக இறுக்கிவிட்டேன். மறுநாள் மாலை அவர் மனைவி கைத்தாங்கலாக அழைத்து வந்தாள். பிரித்துப் பார்த்தால் இரண்டாவது விரல் நாவல்பழ நிறத்தில் இருந்தது. அந்த அம்மா தன் விரலால் அந்த நகத்தை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். நிறம் மாறவே இல்லை. பிறகு தன் கால் விரலை அழுத்திப் பார்த்தாள். அது வெளுத்துச் சிவந்தது. "பாருங்க, எனக்கு வருது, இவருக்கு வரல," என்றாள், வேறு ஒன்றும் திட்டவில்லை. அந்த விரலை எடுக்க வேண்டியதாயிற்று. சுகர் ஏற்கெனவே தின்றுவிட்டது, உன் கட்டு காரணமில்லை என்று டாக்டர் சொன்னார். அவர் சொன்னது உண்மையாக இருக்கலாம். நான் நம்பவில்லை. அதற்குப் பிறகு கட்டிய ஒவ்வொரு கட்டுக்கும் நகத்தை அழுத்தினேன்.

காகிதம் ஒட்டுவதற்கு ஒரு வருஷம் முன்னால், இரண்டாயிரத்து ஏழு என்று ஞாபகம், நர்ஸிங் ஹோம் கை மாறியது. பழைய டாக்டர் ஓய்வெடுத்துக்கொண்டார். புதிதாக மேனேஜர் ஒருவர் மடியில் வைத்துத் தட்டும் கம்ப்யூட்டரோடு வந்தார். அவர் கூட்டி வந்த கம்பெனிக்காரர்கள் இரண்டு பேர் ஒரு நாள் கேமராவும் விளக்கும் எடுத்துக்கொண்டு டிரெஸ்ஸிங் ரூமுக்கு வந்தார்கள். பல ஊர்களுக்குப் போகும் பாடத்துக்குப் படம் எடுக்கிறார்களாம், நீ கட்டு, நாங்கள் எடுக்கிறோம் என்றார்கள். டாக்டரின் வெள்ளைக் கோட்டை எனக்கு மாட்டினார்கள். என் மணிக்கட்டில் இருந்த சிவப்புக் கயிற்றை அறுக்கச் சொன்னார்கள். முகம் வராது, கை மட்டும்தான் வரும் என்றார்கள். எனக்கு அதுதான் நிம்மதியாக இருந்தது.

காலைக் காட்டியது நீலசந்திராவில் பூக் கட்டி விற்கும் ஒரு அம்மா. வாரம் இரண்டு முறை என்னிடம் கட்டுக்கு வருகிறவர். தன் முகமும் வராது என்று தெரிந்ததும் அவருக்கு ஏமாற்றம். "காலு மட்டும்தான் நடிக்குதுன்னா முன்னாடியே சொல்லக் கூடாதா, ஒரு கொலுசு போட்டுக்கினு வந்திருப்பேனே," என்றார். கேமரா பிடித்தவருக்குத் தமிழ் தெரியாது. நாங்கள் ஏன் சிரிக்கிறோம் என்று கேட்டார். அவருக்கு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு நான் எல்லாவற்றையும் செய்தேன். கழுவினேன், துடைத்தேன், மருந்து வைத்தேன், காஸ் துணி வைத்தேன், பேண்டேஜ் சுற்றினேன், பிளாஸ்டர் ஒட்டினேன், ஐந்து நகத்தையும் அழுத்தினேன். கேமரா கடைசி வரை ஓடிக்கொண்டுதான் இருந்தது. இதை நான் கோயிலில் நின்று சொல்லுவேன்.

மாடியில் பழைய மருந்து ஸ்டோரைக் காலி செய்து நாலு கம்ப்யூட்டர் வைத்திருந்தார்கள். டியூட்டி முடிந்ததும் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். எனக்கு ஒரு நம்பர் கொடுத்தார்கள். மவுஸைப் பிடிக்கத் தெரிந்துகொள்ளவே ஒரு வாரம் ஆனது. காதில் மாட்டிக்கொண்டால் ஒரு பெண் இங்கிலீஷில் பேசுவாள். நர்ஸிங் ஹோமில் இத்தனை வருஷம் இருந்ததால் மருந்துப் பெயரும் உடம்புப் பெயரும் புரியும், நடுவில் வரும் வார்த்தைகள் புரியாது. ஆயா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தனக்குப் புரிந்ததை எனக்குத் தமிழில் சொல்வாள். அவளுக்கே புரியாத இடத்தில், "இங்க அவ ஏதோ பீலா உடறா, தாண்டிப் போ," என்பாள்.

அப்படி ஒரு நாள் ஒன்பதாவது பாடம் வந்தது. காலில் கட்டுப் போடுவது. ஆயா சட்டென்று என் தோளில் தட்டினாள்.

"அண்ணா, இது உன் கை இல்ல?"

எனக்கு வலது கைச் சுண்டுவிரல் மடங்காது. லிஃப்ட் கதவில் மாட்டி நசுங்கியது. கையுறை போட்டாலும் அது மட்டும் தனியாக நிற்கும். ராஜா காபி குடிக்கிறார் பார் என்று ஆயா கேலி செய்வாள். திரையில் ஒரு வெள்ளைக் கோட்டின் கைக்குள்ளிருந்து அந்தச் சுண்டுவிரல் நின்றுகொண்டிருந்தது. கீழே பூக்கார அம்மாவின் கால்.

பொய் சொல்ல மாட்டேன், எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வீட்டில் போய் மனைவியிடம் சொன்னேன். கூச்சப்படாமல் சொன்ன சில விஷயங்களில் அது ஒன்று. மறுநாளும் அதே பாடத்தைப் போட்டுப் பார்த்தேன். அப்போதுதான் கவனித்தேன். பிளாஸ்டர் ஒட்டியதும் படம் வேறு இடத்துக்குத் தாவிவிட்டது. ஒரு பேனா கட்டின்மேல் தேதியும் நேரமும் எழுதுகிறது. அந்தப் பேனாவைப் பிடித்திருப்பது என் கை இல்லை, சுண்டுவிரல் ஒழுங்காக மடங்கியிருந்தது. நான் நகத்தை அழுத்தியது காணோம்.

என் புத்திக்கு எட்டியது என்ன என்றால், நெட் சரியில்லை. அந்த நாட்களில் படம் பாதியில் நிற்கும், ஒரு வட்டம் சுற்றும், பிறகு நடுவில் கொஞ்சத்தை விழுங்கிவிட்டு ஓடும். என் கட்டைவிரலையும் அப்படித்தான் விழுங்கிவிட்டது என்று நினைத்தேன். மழை இல்லாத நாளாகப் பார்த்து உட்கார்ந்தேன். மற்ற மூன்று கம்ப்யூட்டரும் காலியாக இருக்கும்போது உட்கார்ந்தேன், லைன் எனக்கு மட்டும் வரட்டும் என்று. அந்த இடம் வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன். பேனாதான் வரும். பத்துப் பதினைந்து முறையாவது பார்த்திருப்பேன். இதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு அவமானமாக இருக்கிறது. வெட்டி எறிந்த ஒன்று வரும் வரும் என்று கை கட்டி உட்கார்ந்திருக்கிறேன்.

பரீட்சை அன்றைக்கு இங்கிலீஷ் தெரியாதவர்களுக்கு ரிசப்ஷன் பெண் கேள்வியைக் கன்னடத்தில் சொல்லும் என்று ஏற்பாடு. கட்டுப் போடும் பகுதியில் தனியாகத் தேற வேண்டும். மற்றதில் எல்லாம் தடுமாறினேன், அதில் தடுமாற என்ன இருக்கிறது? என் கையையே நிறுத்திவைத்த படம் ஒன்று வந்தது. பிளாஸ்டர் ஒட்டியாயிற்று, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கேள்வி. நாலு விடை. கட்டின்மேல் தேதி எழுதுவது ஒன்று. காலை உயர்த்தி வைப்பது ஒன்று. நோயாளிக்கு அறிவுரைத் தாள் தருவது ஒன்று. நகத்தை அழுத்திப் பார்ப்பது ஒன்று.

அதைக் கேட்டதும் எனக்கு ஒரு சந்தோஷம். பார், இருக்கிறது, நெட்தான் விழுங்கியது என்று நினைத்துக்கொண்டு நகத்தை அழுத்துவதைத் தொட்டேன்.

அந்தப் பகுதியில் ஒரே ஒரு விடை குறைந்து ஃபெயில் ஆனேன். எந்தக் கேள்வி தப்பு என்று கம்ப்யூட்டரே சிவப்பில் காட்டியது. என் கைப் படத்தின் மேல் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி.

ஆயா பாஸ். அவள் பாடத்தை சினிமா மாதிரிப் பார்த்து மனப்பாடம் செய்திருந்தாள். வாழ்க்கையில் ஒரு புண்ணுக்கும் கட்டுப் போட்டதில்லை. அவளுக்கே அது தாங்கவில்லை. கழுத்தில் மாட்டிய புது சர்டிஃபிகேட் அட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தாள். இது என்ன நியாயம், உன் கையைப் பார்த்துத்தானே நான் எழுதினேன் என்றாள். அவள் சொன்னது உண்மை என்பதே எனக்குக் காந்தியது.

மூன்று மாத டைம் முடிந்தது, திங்கள்கிழமை முதல் அவள் டிரெஸ்ஸிங் ரூமில். நான் துணி ரூமில். படுக்கை விரிப்பை எண்ணி மடித்து வார்டு வார்டாகக் கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். என்னிடமே கட்டுப் போட்டுக்கொண்டு பழகியவர்கள் வராந்தாவில் என்னைப் பார்த்து, ஏன் உள்ளே இல்லை என்று கேட்டார்கள். நான் காதில் விழாத மாதிரி நடந்தேன். பதினேழு வருஷம் எத்தனை பேர் காலைத் தொட்டிருப்பேன். அந்தக் கால்களில் ஒன்றைக்கூடத் தொடக் கூடாது என்று எனக்கு உத்தரவு. உத்தரவு போட்டவர்களே எப்படிக் கட்டுப் போடுவது என்று வெளியூர் ஆட்களுக்குக் காட்ட வைத்திருப்பது என் கையை.

துணி மடிக்கும்போது இன்னொன்று புரிந்தது. அந்த நாலாவது விடை எங்கிருந்து வந்தது? பாடத்தில் அது இல்லை. அப்படியென்றால் கேள்வி எழுதியவர் நான் அழுத்தியதைப் பார்த்திருக்கிறார். படத்தை முழுசாகப் பார்த்துத்தான் அந்தத் துண்டை வெட்டியிருக்கிறார்கள். வெட்டியதைக் குப்பையிலாவது போட்டிருக்கலாம். எடுத்துக் கழுவித் தப்பான விடைகளின் வரிசையில் வைத்திருக்கிறார்கள். நான் நெட்டைத் திட்டிக்கொண்டிருந்தேன். நெட் எதையும் விழுங்கவில்லை. அன்றைக்கு வந்த கோபம் எனக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை. விரிப்பைக் கிழித்துவிடுவேனோ என்று பயந்து கீழே வைத்தேன்.

கோபத்தில் நான் ஒரு தப்புச் செய்தேன். அதையும் எழுத வேண்டும். ஆயா என்னைக் கேட்டாள். வெளியே ட்ராலி தள்ளியே பழகியவள், திரைக்கு உள்ளே நான் என்ன செய்வேன் என்று பார்த்ததில்லை. டீ குடிக்கும் நேரத்தில் பக்கத்தில் வந்து, எப்படிக் கட்டுறேன்னு ஒரு தடவை வந்து பாருண்ணா, பயமா இருக்கு என்றாள். பாடத்தில் இருக்கிற மாதிரிக் கட்டு, அதற்குத்தானே சர்டிஃபிகேட் என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவ எழுந்து போனேன். நகத்தை அழுத்திப் பார் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் சொல்லவில்லை.

நாலாவது நாள் காலை விரிப்புக் கட்டைத் தூக்கிக்கொண்டு போகும்போது வராந்தா பெஞ்சில் பூக்கார அம்மா உட்கார்ந்திருந்தார். நேற்றுக் கட்டியது, ராத்திரியெல்லாம் காலு மரத்து மரத்துப் போச்சு, என்னன்னு கேக்க வந்தேன் என்றார். குனிந்து பார்த்தேன். கட்டு அழகாக இருந்தது. படத்தில் இருப்பது போலவே ஒவ்வொரு சுற்றும் சமமாக, மேலே தேதி, நேரம். விரல்கள் வீங்கி நீலம் தட்டியிருந்தன. விரிப்பைத் தரையில் போட்டுவிட்டு உட்கார்ந்து நகத்தை அழுத்தினேன். வெளுத்தது வெளுத்தபடி இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஐந்துக்கு அப்புறம் மெதுவாக ஒரு சிவப்பு வந்தது.

ஆயாவைக் கூப்பிட்டேன். நான் சத்தம் போட்டுக் கூப்பிட்டதை அந்த நர்ஸிங் ஹோமில் யாரும் அதற்கு முன் கேட்டதில்லை. அவள் ஓடி வந்தாள். அங்கேயே பெஞ்சிலேயே கத்தரியால் கட்டை வெட்டினேன். தொடக் கூடாது என்ற உத்தரவு எனக்கு ஞாபகமே வரவில்லை. காலைத் தொடைமேல் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். விரல் ஒவ்வொன்றாக நிறம் திரும்பியது. விரல் போகவில்லை. ஒரு ராத்திரி மட்டும்தான் கட்டு இருந்தது, அதனால் தப்பித்தது.

ஆயா தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "பாடத்துல எப்படி இருந்துச்சோ அப்படித்தான்ணா கட்டினேன்," என்றாள்.

"தெரியும்மா. பாடத்துலதான் அது இல்ல."

அவளிடம் அப்போது எல்லாவற்றையும் சொன்னேன், ஆட்டோ டிரைவர் உட்பட. முந்தா நாளே சொல்லியிருக்கலாமே என்று கேட்டாள். நான் வெட்டிப் போட்ட கட்டைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பூக்கார அம்மாதான் நடுவில் புகுந்தார். தன் காலை வைத்துத்தான் படம் எடுத்தார்கள், தன் காலுக்கே ஆப்பு வைத்துவிட்டார்களே, இதைப் போய் மேலே கேட்க உங்களில் ஒரு ஆம்பளை இல்லையா என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் கண்ணில் தண்ணீர் இருந்தது.

மேனேஜர் ரூமுக்குப் போனேன். அதுவரை அந்த ரூமுக்குள் நான் தரை துடைக்கத்தான் போயிருக்கிறேன். அவர் கம்ப்யூட்டரிலிருந்து தலையை எடுக்காமல் என்ன என்றார். நாங்கள் பேசியது கன்னடத்தில். கட்டுப் போடும் பாடத்தில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது, அதனால் ஒருவருக்கு இன்றைக்கு விரல் போக இருந்தது என்றேன். அந்தப் பாடத்தைப் பெரிய டாக்டர்கள் பார்த்து சரி சொல்லியிருக்கிறார்கள் என்றார். ஃபெயில் ஆனவர்கள் எல்லாரும் பாடத்தில்தான் தப்பு என்பார்கள் என்றும் சொன்னார்.

"அது என் கை சார்," என்றேன்.

தலையைத் தூக்கினார். சிரித்தார். "உங்க கைதான்னு என்ன ப்ரூஃப்? பேர் போட்டிருக்கா?"

வலது கையை அவர் மேஜைமேல் வைத்தேன். விரல்களை மடக்கினேன். சுண்டுவிரல் மட்டும் நின்றது. அவர் அதையே பார்த்தார். பாடத்தை அவரும் பார்த்திருந்தார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. ஆமாம், அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்தேன். காது சூடாகத்தான் இருந்தது. கண்ணை எடுக்கவில்லை.

"சரி, உங்க கைதான். அதுக்கென்ன இப்போ?"

"நகத்தை அழுத்தறதைச் சேருங்க. சேர்க்க முடியாதுன்னா என் கையை அதுலேர்ந்து எடுத்துடுங்க."

அந்தப் பாடம் எத்தனையோ ஊருக்குப் போய்விட்டது, ஒரு கட்டைவிரலுக்காக எல்லாவற்றையும் மாற்ற முடியாது, பாடம் நீளக் கூடாது என்றுதான் சிலதைக் குறைத்தார்கள் என்றார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். கடைசியில் குரலைத் தாழ்த்தி எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டு சொன்னார். "அடுத்த வாரம் திரும்ப எழுதுங்க. அது கேக்கற பதிலைக் குடுத்துடுங்க. கீழ வந்து உங்க இஷ்டம்போலக் கட்டிக்கோங்க."

ஒரு வாரம் யோசித்தேன். எழுத மாட்டேன், துணியே மடிக்கிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். நீ துணி மடித்தால் அந்தப் பூக்காரம்மா காலை யார் பார்ப்பார்கள் என்று கேட்டாள். ஆயாவும் ஒவ்வொரு கட்டுக்கும் திரைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் விரிப்பைக் கொண்டு போகிற சாக்கில் உள்ளே போய் நகத்தை அழுத்திவிட்டு வருவேன். சர்டிஃபிகேட் உள்ளவள் காவல் நிற்க, இல்லாதவன் திருடன் மாதிரி வந்து வேலையைப் பார்த்துவிட்டுப் போக வேண்டியிருந்தது.

மறுபடி பரீட்சை எழுதினேன். அதே படம் வந்தது. அதே நாலு விடை. ரிசப்ஷன் பெண் படித்து முடித்து என்னைப் பார்த்தது. மவுஸை நகத்தை அழுத்துவதன் மேல் கொண்டு போனேன். பிறகு தேதி எழுதுவதைத் தொட்டேன். பச்சை நிறத்தில் ஒரு டிக் வந்தது.

பாஸ் ஆனேன். அட்டை வந்தது. டிரெஸ்ஸிங் ரூமுக்குத் திரும்பினேன். வாழ்த்துச் சொன்னவர்களிடம் தலையாட்டினேன். ஆனால் என் கையைப் பற்றி, என் கை செய்த வேலையைப் பற்றி, யாராவது என்னிடம் கேட்டிருந்தால் வாயால் பொய் சொல்லியிருக்க மாட்டேன், விரலால் சொல்லிவிட்டுத்தான் அந்த ரூமுக்குள் போனேன். தெரிந்ததைச் சொன்னவனை ஃபெயில் ஆக்கி, தெரிந்ததை மறைத்தவனுக்கு அட்டை கொடுத்தார்கள். இதில் எனக்கு இன்றைக்கும் சமாதானம் ஆகவில்லை.

அட்டை மாட்டிய முதல் நாளே டியூட்டி முடிந்து ஒரு பிளாஸ்டர் சுருளை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். ஆயாவும் வந்தாள். நாலு கம்ப்யூட்டருக்கும் திரையின் கீழ் விளிம்பில் ஒவ்வொரு துண்டு ஒட்டினோம். ஒன்பதாவது பாடத்தில் பிளாஸ்டர் ஒட்டியதும் நகத்தை அழுத்து, இரண்டு எண்ணுவதற்குள் சிவக்க வேண்டும், பரீட்சையில் மட்டும் தேதி என்று சொல். நான் தமிழில் எழுதினேன், அவள் கீழே கன்னடத்தில் எழுதினாள்.

மறுநாள் யாரோ பிய்த்துப் போட்டிருந்தார்கள். திரும்ப ஒட்டினோம். மேனேஜர் கூப்பிட்டு, யார் வேலை இது என்று கேட்டார். "என் வேலை சார்," என்றேன். இனிமேல் ஒட்டக் கூடாது என்றார். நான் சரி என்று சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அன்று மாலை ஒட்டினேன். அவர்கள் பிய்ப்பதும் நாங்கள் ஒட்டுவதுமாக அந்தக் கம்ப்யூட்டர்களின் விளிம்பெல்லாம் பசை படிந்து கறுத்துவிட்டது.

வேறு ஊர்களில், நான் பார்க்காத மாடி ரூம்களில், என் சுண்டுவிரல் நின்றுகொண்டு பாதிப் பாடத்தை நடத்திக்கொண்டுதான் இருந்திருக்கும். அங்கே போய் ஒட்ட என்னால் முடியாது. எங்கள் மாடியில் முடியும். டிரெஸ்ஸிங் ரூமில் பிளாஸ்டருக்குப் பஞ்சம் இல்லை.